அக்கரை நம்பர்

லாயிட்: படகா? எடுத்த எடுப்புலேயே படகு வேண்டாம் மேடம். வெறும் வயித்தோட படகுல ஏத்தினா உங்கம்மா ஆத்தைப் பாக்க மாட்டாங்க. கைக்கடிகாரத்தைத்தான் பாப்பாங்க.

கெல்சி: அப்ப முதல்ல சாப்பாடா?

லாயிட்: சாப்பாடுதான். அம்மாவுக்கு வயசு என்ன சொன்னீங்க?

கெல்சி: அறுபத்தாறு.

லாயிட்: என்னைவிடச் சின்னப் பொண்ணு. பல்லு?

கெல்சி: என்னது?

லாயிட்: பல்லு எல்லாம் சொந்தப் பல்லான்னு கேட்டேன்.

கெல்சி: சொந்தப் பல்லுதான் சார். அதான் பயமே. கடிச்சா ஆழமா இறங்கும்.

லாயிட்: ஓ... அந்த மாதிரி அம்மாவா?

கெல்சி: அந்த மாதிரிதான். எதுவும் புடிக்காது. சூப்பு வெச்சா உப்பும்பாங்க, பூ குடுத்தா தும்முவாங்க. சனிக்கிழமை ஒரே ஒரு நாள் வராங்க. அந்த ஒரு நாள் சரியா அமையலேன்னா... இன்னொரு தடவை வரவே மாட்டாங்க. அதான் டூரிஸ்ட் புத்தகத்துல உங்க நம்பரைப் பாத்துட்டுக் கூப்பிட்டேன்.

லாயிட்: மஞ்ச அட்டைப் புத்தகமா?

கெல்சி: ஆமா, ஓட்டல் ரூம்ல கிடந்துச்சு. பின்னட்டையில 'எங்கே போகலாம்? எங்களைக் கேளுங்கள்'னு...

லாயிட்: சரியான இடத்துலதான் கேட்டிருக்கீங்க. எந்த ஊர்லேர்ந்து வந்திருக்கீங்க?

கெல்சி: நெப்ராஸ்கா. லிங்கன்.

லாயிட்: அங்க என்ன இருக்கு?

கெல்சி: சோளம்.

லாயிட்: அப்ப இங்க எதைக் காட்டினாலும் ஜெயிச்சிடலாம்.

நோரீன்: லாயிட்டு! பீன்ஸைக் கிளறினியா இல்லையா?

கெல்சி: அது யாரு சார்?

லாயிட்: அது... மேனேஜர்.

நோரீன்: அடி புடிச்சுதுன்னா நீதான் திங்கணும், சொல்லிட்டேன்!

கெல்சி: மேனேஜர் ரொம்பக் கண்டிப்போ?

லாயிட்: நாப்பத்தாறு வருஷமா இதே மேனேஜர்தான் மேடம். மாத்தல் கேட்டுப் பாத்தேன், கிடைக்கல.

கெல்சி: ஆபீஸ்ல பீன்ஸ் வேகுதா?

லாயிட்: வியாழக்கிழமைன்னா ஆளுக்கொண்ணு சமைச்சு... எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறது. ஆபீஸ் வழக்கம்.

கெல்சி: நாயும் குலைக்குதே?

லாயிட்: காவலுக்கு.

கெல்சி: நல்ல ஆபீஸ்தான். எனக்கு அங்க வேலை கிடைக்குமா?

லாயிட்: சம்பளம் கிடையாது. விஷயத்துக்கு வாங்க. பதினோரு மணிக்கு அம்மாவை உக்கார வெச்சு ஒரு ஹாட் ப்ரவுன் வாங்கிக் குடுங்க. ரொட்டி, அது மேல வான்கோழி, அது மேல சீஸ் குழம்பு, அது மேல பேக்கன், உப்புப் போட்ட பன்னிக்கறி. ஒரு தட்டு போதும், ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுங்க.

கெல்சி: ஆளுக்கு ஒரு தட்டு வாங்கினா?

லாயிட்: வாங்கினா சாயங்காலம் ஆஸ்பத்திரியைச் சுத்திப் பாக்க வேண்டியதுதான். அது நம்ம புத்தகத்துல இல்ல.

கெல்சி: எங்கம்மாவோட ஒரே தட்டுலயா...

லாயிட்: ஏன்?

கெல்சி: ஒண்ணுமில்ல. சொல்லுங்க.

லாயிட்: அப்புறம் மட்டை. பேஸ்பால் மட்டை, பத்து மாடி உசரம், மட்டை மியூசியக் கட்டடத்து மேல சாஞ்சு நிக்கும். அதுக்குக் கீழ அம்மாவை நிக்க வெச்சு ஒரு போட்டோ. எப்பேர்ப்பட்ட கோபக்காரியும் அங்க சின்னதாத்தான் தெரிவா.

கெல்சி: எங்கம்மா மட்டையைப் பாத்தா, அடிக்க யாராவது கிடைப்பாங்களான்னுதான் பாப்பாங்க.

நோரீன்: எனக்கு அந்த அம்மாவைப் புடிச்சிருக்கு!

கெல்சி: மேனேஜர் எல்லாத்தையும் கேக்கறாங்களா?

லாயிட்: ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன் மேடம். என் வலது காது லீவுல இருக்கு.

நோரீன்: இடது காதும்தான். என் விஷயத்துல மட்டும்.

கெல்சி: குதிரைப் பந்தயம்?

லாயிட்: ஜெயிச்சா குதிரைக்குப் பெருமை. தோத்தா உங்களுக்குத் திட்டு. வேண்டாம்.

கெல்சி: பர்பன்? சாராய ஆலை சுத்திக் காட்டறாங்களாமே?

லாயிட்: அம்மா குடிப்பாங்களா?

கெல்சி: இருமலுக்கு மட்டும்.

லாயிட்: எப்பப்ப இருமல் வரும்?

கெல்சி: வருஷம் பூரா.

லாயிட்: அப்ப ஆலை வேண்டாம், வாசல்லேயே இருமுவாங்க. நேரா படகுக்கு வாங்க. பன்னெண்டு மணிக்கு எடுப்பான். ஆனா பதினொன்றரைக்கே போயிடணும். மேல்தளத்துல ஒரு ஆவி வாத்தியம் இருக்கு, நீராவியில ஊதறது. ஒருத்தன் உக்காந்து வாசிப்பான். சுருதி சேராது. ஆனா ரெண்டு கரைக்கும் கேக்கும். எங்க வீட்டு... எங்க ஆபீஸ் ஜன்னல் அதிரும்னா பாத்துக்கோங்க.

கெல்சி: பதினோரு மணிக்குச் சாப்பாடு, பதினொன்றரைக்குப் படகா? எங்கம்மா ஒரு வாய்க்கு முப்பது தடவை மெல்லுவாங்க சார்.

லாயிட்: ...பத்தரைக்கே சாப்பிட உக்காருங்க.

நோரீன்: ரெண்டு மணிப் படகைச் சொல்லேன்யா!

லாயிட்: ரெண்டு மணிப் படகும் உண்டு மேடம். மேனேஜர் சொல்றாங்க.

கெல்சி: மேனேஜருக்கு நன்றி. படகு முடிஞ்சதும்?

லாயிட்: அதுக்கப்புறம்தான் மேடம் விஷயமே. பழைய ரயில் பாலம் ஒண்ணு இருக்கு. இப்ப அதுல ரயில் போறதில்ல, மனுஷங்கதான். மெதுவா ஆத்தைத் தாண்டி நடந்து அக்கரையில, இண்டியானா மாநிலத்துப் பக்கம் இறங்குங்க. இறங்கின இடத்துலேயே ஐஸ்கிரீம்.

கெல்சி: இந்தக் கரையில ஐஸ்கிரீம் கிடைக்காதா?

லாயிட்: கிடைக்கும். உருகும்.

கெல்சி: அந்தக் கரையில உருகாதா?

லாயிட்: அங்க வேகமா சாப்பிட்டுடுவோம். அப்புறம் கொஞ்சம் கீழ போனா பாறைப் படுகை. முப்பத்தொம்பது கோடி வருஷத்துக்கு முந்தி அது கடலாம். அப்ப இருந்த பூச்சி, பவளம் எல்லாம் அப்படியே கல்லா கிடக்கு. தொடலாம், மிதிக்கலாம், எடுத்துட்டு வரக்கூடாது.

கெல்சி: அதுவும் அந்தக் கரையிலதானே?

லாயிட்: ...ஆமா.

கெல்சி: மிட்டாய்க்கடை ஏதாவது?

லாயிட்: ஒண்ணு இருக்கு. இலவங்கப்பட்டை மிட்டாய், சிவப்பா, நாக்கு எரியும்.

கெல்சி: எந்தக் கரை?

லாயிட்: அந்தக் கரை.

கெல்சி: அது எப்படி சார், லூவுல் ஊருக்குப் போட்ட புத்தகம், லூவுல் ஊருக்கு வழி கேட்டா எல்லா வழியும் இண்டியானாவுக்கே போகுது? இக்கரைக்கு அக்கரை பச்சையா?

லாயிட்: பச்சை இல்ல மேடம். ஒரு மூஞ்சியோட அழகு எதிர்ல நிக்கறவனுக்குத்தானே தெரியும்? லூவுல் எப்படி இருக்குன்னு பாக்கணும்னா அக்கரைக்குத்தான் போகணும். கட்டடம் எல்லாம் வரிசையா தண்ணியில நிழல் விழுந்து... இதோ இப்பகூட அந்தப் படகு திரும்புது பாருங்க, வெள்ளையா...

கெல்சி: எங்க திரும்புது?

லாயிட்: ஜன்னல்ல... படத்துல. படம் மாட்டியிருக்கு.

கெல்சி: படத்துல படகு திரும்புதா?

நோரீன்: பெரிய ஆபீஸ்மா. படமெல்லாம் அப்படித்தான் இருக்கும்.

லாயிட்: சிரிக்காதீங்க மேடம். ஒரு நிமிஷம்... இப்ப ஊர் பேரை என்னன்னு சொன்னீங்க?

கெல்சி: லூவுல்.

லாயிட்: லிங்கன்ல அப்படித்தான் சொல்வாங்களா?

கெல்சி: ...லூயிஸ்வில்.

லாயிட்: இப்பத் திருத்தி என்ன பிரயோஜனம்? வெளியூர்க்காரங்க லூயிஸ்வில்னு வாய் நிறையச் சொல்வாங்க. பாதியை முழுங்கிட்டு மீதியை மட்டும் சொல்றவங்க நாங்கதான்.

கெல்சி: டாக்ஸிக்காரர்கிட்ட கத்துக்கிட்டேன்.

லாயிட்: கெட்டிக்காரி. ஆமா, நீங்க எங்க படிச்சீங்க?

கெல்சி: ஹார்ட்வெல்...

லாயிட்: ம்ம்?

கெல்சி: ...நெப்ராஸ்கா யுனிவர்சிட்டி.

நோரீன்: மாட்டிக்கிட்டா! மாட்டிக்கிட்டா! லாயிட்டு, உள்ளூர்ப் பொண்ணு!

கெல்சி: மேனேஜர், நீங்க எப்படி...

லாயிட்: உலகத்துல யாரை வேணா கேளுங்க, எங்க படிச்சேன்னா காலேஜ் பேரைச் சொல்வான். ஹைஸ்கூல் பேரைச் சொல்றவன் இந்த ஆத்தங்கரைக்காரன் மட்டும்தான். அம்பது வயசு டாக்டரா இருப்பான், கைநிறைய பட்டம் இருக்கும், எங்க படிச்சேன்னா பதினேழு வயசுல விட்டு வந்த ஸ்கூலைச் சொல்வான்.

நோரீன்: கேக்கறவனுக்கும் அதுதான் வேணும். ஸ்கூல் பேரு தெரிஞ்சா ஜாதகமே தெரிஞ்ச மாதிரி. எந்தத் தெரு, எந்தச் சர்ச்சு, அப்பன் என்ன வேலை...

லாயிட்: ஆக, நெப்ராஸ்காச் சோளமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. உள்ளூர்க்காரிக்கு எதுக்கு மேடம் ஊர் சுத்திப் பாக்க வழி? யாரு நீங்க? போனை வெச்சுடாதீங்க. திட்ட மாட்டேன்.

கெல்சி: வெக்கல சார். மாட்டிக்கிட்டது மாட்டிக்கிட்டேன். இப்ப உங்க முறை. அந்த மஞ்சப் புத்தகம் போடற ஆபீஸ்ல எத்தனை பேர்னு தெரியுமா?

லாயிட்: எதுக்குக் கேக்கறீங்க?

கெல்சி: மூணே பேர். முதலாளி ஒருத்தர். விளம்பரம் வாங்கிட்டு வரவர் ஒருத்தர். உக்காந்து எழுதறவ ஒருத்தி. லாயிட்னு யாரும் இல்ல... அந்த எழுதறவ நான்தான். என் பேரு கெல்சி.

நோரீன்: நான் அடுப்பை அணைச்சுட்டு வரேன்.

கெல்சி: சார்? இப்ப நீங்க போனை வெச்சுடாதீங்க.

லாயிட்: வெக்கல. எப்பத் தெரியும்?

கெல்சி: கடுதாசி வருது சார், மாசம் நாலஞ்சு. 'உங்கள் அலுவலகத்து லாயிடுக்கு நன்றி.' யாரு லாயிட்னு முதலாளி என்னைக் கேக்கறார், நான் அவரைக் கேக்கறேன். ஒண்டாரியோவிலேர்ந்து ஒருத்தர் உங்களுக்கு மேப்பிள் பாகு அனுப்பினார்.

லாயிட்: எனக்கா? எங்க அது?

கெல்சி: முதலாளி தின்னுட்டார்.

நோரீன்: வந்துட்டேன். என்ன தின்னுட்டார்?

லாயிட்: என் பாகை.

கெல்சி: ஆர்கன்ஸாவிலேர்ந்து ஒரு பெரியம்மா எழுதியிருந்தாங்க. 'லாயிட் சொன்னபடி ஒரே தட்டு வாங்கினோம். நானும் என் புருஷனும் இருபது வருஷத்துக்கப்புறம் ஒரே தட்டுல சாப்பிட்டோம். கடைசித் துண்டை அவர் எனக்கு விட்டார்'னு.

நோரீன்: என்னைப் பாக்காதே லாயிட்டு. நீ எனக்கு ஒரு நாளும் விட்டதில்ல.

கெல்சி: அப்புறம்தான் பின்னட்டையைத் திருப்பிப் பாத்தேன். ஏழு இலக்கமும் சரியா இருக்கு. முன்னாடி இருக்கற ஏரியா கோடு மட்டும்...

லாயிட்: அஞ்சு சைபர் ரெண்டு இருக்க வேண்டிய இடத்துல எட்டு ஒண்ணு ரெண்டு. எங்க கரையோட கோடு. எந்தப் புண்ணியவான் அடிச்சானோ, மூணு வருஷமா லூவுலுக்கு வர ஜனம் பூரா இண்டியானாவுல என் சமையல்கட்டுல வந்து விழுது.

கெல்சி: யாரோ... அப்பப் புதுசா சேர்ந்தவங்கன்னு நினைக்கிறேன்.

லாயிட்: முதல் போன் வந்த அன்னைக்கு நான் முட்டை பொரிச்சிட்டிருந்தேன். படகு எத்தனை மணிக்குங்கறான் ஒருத்தன். தப்பு நம்பர்னு வெச்சேன். ரெண்டாவது ஆளு, தப்பு நம்பர். பத்தாவது ஆளுக்கு நல்லா நாலு திட்டு. அப்புறம் ஒரு பொண்ணு... கைக்குழந்தையோட வந்திருக்கா, மழை, எங்க போறதுன்னே தெரியல, அழுகுறா. அவகிட்ட எப்படித் தப்பு நம்பர்னு சொல்றது? நீயே சொல்லு.

கெல்சி: என்ன சொன்னீங்க?

லாயிட்: மட்டைக் கட்டடத்துக்குள்ள போம்மா, கூரை இருக்கு, குழந்தைகளுக்குக் காட்ட நிறைய இருக்கும்னு சொன்னேன். எனக்கே தெரியாது, நான் உள்ள போனதே இல்ல. எழுபது வருஷமா எதிர்க்கரையிலேயே குடியிருக்கேன், ஒரு இடமும் பாத்ததில்ல. உள்ளூர்க்காரன் எவன் பாக்கறான்?

நோரீன்: மறுநாள் என்னைக் கூட்டிட்டுப் போனார். மட்டைக்கு, படகுக்கு, எல்லாத்துக்கும். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ்வளவு ஊர் சுத்தினதில்ல. நேரத்தையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டார்.

லாயிட்: தப்பாச் சொல்லிடக் கூடாதுல்ல.

கெல்சி: நீங்க ஒருத்தருக்கும் தப்பாச் சொன்னதே இல்லையா?

லாயிட்: ஒரே ஒருத்தனுக்கு. போனை எடுத்ததும் 'ஏய்'ன்னு கூப்பிட்டான். பாறைப் படுகையில கல்லைப் பொறுக்கினா அதிர்ஷ்டம்னு சொல்லிட்டேன்.

நோரீன்: காவல்காரன் புடிச்சு அரை மணி நேரம் புத்தி சொல்லியிருக்கான்.

கெல்சி: அந்தக் கடுதாசியும் வந்துச்சு!

லாயிட்: அதுல நன்றி இருந்திருக்காதே.

கெல்சி: இல்ல சார்.

லாயிட்: சரி. அடுத்த பதிப்பு எப்ப?

கெல்சி: அதைப் பத்தித்தான் சார் நான் சொல்ல...

லாயிட்: இரு. நானே சொல்றேன். நீ சொல்றதுக்குச் சங்கடப்படுவே. நம்பரைத் திருத்தப் போறீங்க. அதானே?

கெல்சி: திருத்தறதுதான் முறை. ஆனா...

லாயிட்: முறைதான். நான் என்ன வேண்டாங்கறேனா? நிம்மதி. காலையில காபியை நடுவுல எழுந்திரிக்காமக் குடிக்கலாம். மத்தியானம் கால் நீட்டித் தூங்கலாம். எங்க நாய் டியூக் கதவைச் சுரண்டுது. வெளிய விட்டுட்டு வரேன்.

கெல்சி: சார், ஒரு நிமிஷம், நான் சொல்ல வந்தது...

லாயிட்: நாய் நிக்காதும்மா.

நோரீன்: ...கெல்சி. நான்தான். அவர் கொல்லைப் பக்கம் போயிட்டார்.

கெல்சி: நாயை வெளிய விடத்தானே போனார்?

நோரீன்: நாய் சோபாவுல தூங்குது. இவர்தான் வெளிய போயிருக்கார்.

கெல்சி: ஐயோ.

நோரீன்: அவர் வரதுக்குள்ள சொல்லிடறேன், குறுக்கப் பேசாதே. முப்பத்தெட்டு வருஷம் படகு கட்டற யார்டுல வெல்டிங் பண்ணார். அங்க கத்தினாத்தான் கேக்கும். கத்திப் பேசியே பழகின மனுஷன். வேலையை விட்டு வீட்டுக்கு வந்தார், பேச்சே நின்னுபோச்சு. காபி, உப்பு, விளக்கை அணை. ஒரு நாளைக்கு அவ்வளவுதான் வார்த்தை. ரெண்டு வருஷம்! எதிர்ல உக்காந்திருப்பார், ஆளு இருக்க மாட்டார். நான் டிவியோட சண்டை போட ஆரம்பிச்சேன்.

கெல்சி: நோரீன்...

நோரீன்: குறுக்கப் பேசாதேன்னேன்ல? அப்புறம் உங்க தப்பு நம்பர் வந்துச்சு. இப்ப வாயை மூடறதில்ல. தூக்கத்துல படகு நேரம் சொல்றார். போன் வராத ஞாயித்துக்கிழமை ரிசீவரை எடுத்து, லைன் இருக்கான்னு பாக்கறார். எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. நாள் முழுக்க அவரைக் கிண்டல் பண்றேன், நான்தான். ஆனா அந்த மனுஷன் எனக்குத் திரும்பக் கிடைச்சது உங்க புத்தகத்தாலதான். வெக்கத்தை விட்டுக் கேக்கறேன் கண்ணு. அந்த நம்பரை எடுத்துடாதே.

கெல்சி: நோரீன், நான் அதுக்குக் கூப்பிடவே...

நோரீன்: வந்துட்டார். நான் ஒண்ணும் கேக்கல. நீ ஒண்ணும் கேட்டுக்கல.

லாயிட்: என்ன பேசிட்டிருந்தீங்க?

நோரீன்: பீன்ஸ்.

லாயிட்: அடி புடிச்சுதா?

நோரீன்: புடிச்சுது. உன் தட்டுலதான் போடப்போறேன்.

லாயிட்: கெல்சி, இருக்கியா? யோசிச்சுப் பாத்தேன். தப்பு தப்புதான். நல்ல நம்பரைப் போட்டுடு. ஜனங்க கூப்பிட வேண்டிய இடத்தைத்தான் கூப்பிடணும். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்த நல்ல நம்பர்ல யாரு எடுப்பாங்க?

கெல்சி: ...மெஷின்.

லாயிட்: என்ன சொல்லும்?

கெல்சி: படகுக்கு ஒண்ணை அழுத்தவும். சாப்பாட்டுக்கு ரெண்டை அழுத்தவும்.

லாயிட்: அழுகைக்கு எதை அழுத்தணும்?

கெல்சி: அதுக்கு எண் இல்ல சார்.

லாயிட்: ம்ம்... என் நோட்டை உனக்கு அனுப்பறேன். மெஷினுக்குச் சொல்லிக் குடு. மழை பெஞ்சா எங்க அனுப்பணும், சக்கர நாற்காலிக்கு எந்தப் பக்கம் சரிவு இருக்கு, எல்லாம் எழுதியிருக்கேன். எழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்கும்.

நோரீன்: கோழிக்குக் கோபம் வரப்போகுது.

லாயிட்: இதுல ஒரு வருத்தம்தான் எனக்கு. அந்த அம்மா... பல்லும் கோபமுமா ஒருத்தி சனிக்கிழமை வரான்னு சொன்னியே. அதுவும் சோளத்தோட சேர்ந்த பொய்தானே? பரவால்ல. ஆனா அந்தப் பொம்பளையை எனக்குப் புடிச்சுப்போச்சு. அவளைச் சிரிக்க வெச்சே ஆகணும்னு நினைச்சுட்டேன்.

நோரீன்: கெல்சி, ஏண்டி அழறே? லாயிட்டு, என்ன சொல்லித் தொலைச்சே அந்தப் பொண்ணை?

லாயிட்: நான் ஒண்ணும் சொல்லலையே! கெல்சி? அம்மாடி, ஒரு மெஷினுக்குப் போய் யாராவது அழுவாங்களா?

நோரீன்: எனக்கு ஒண்ணு புரியல. நம்பரைத் திருத்தணும்னா பேனாவை எடுத்துத் திருத்த வேண்டியதுதானே? நெப்ராஸ்காவிலேர்ந்து வரேன்னு வேஷம் போட்டுக்கிட்டு, அரை மணி நேரம் படகும் ஐஸ்கிரீமும் கேட்டியே... நீ நிஜமா எதுக்குடி போன் பண்ணே?

கெல்சி: புத்தகம் போன செவ்வாய்க்கிழமையே அச்சாகி வந்தாச்சு நோரீன். உங்க நம்பரோடதான். கடைசியாப் பாத்துத் திருத்தறவ நான்தான், பாத்தேன், பேனாவை மூடி வெச்சுட்டேன். மூணு வருஷம் முந்தி தப்பா அடிச்சவளும் நான்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், விரல் பழக்கத்துல எங்க வீட்டு நம்பரோட எட்டு ஒண்ணு ரெண்டையே அடிச்சுட்டேன்... எங்க வீடும் உங்க கரைதான், ஸ்ப்ரிங் தெரு. அம்மா பொய் இல்ல லாயிட். அப்ப எங்கப்பா செத்துப் போய் மூணு மாசம்கூட ஆகல, அவளைத் தனியா விட்டுட்டு நான் வேலைன்னு பாலம் தாண்டி வந்துட்டேன். 'உன் ஊர்ல என் கால் படாது'ன்னா. படவே இல்ல. நடுவுல ஒரு மைல்கூட இருக்காது, அதைத் தாண்டி வர அவளுக்கு மூணு வருஷம் ஆச்சு. நேத்து அவளே போன் பண்ணி சனிக்கிழமை வரேன்னுட்டா. ஊருக்கெல்லாம் வழி சொல்லிப் புத்தகம் எழுதறவ, பெத்தவளை எங்க கூட்டிட்டுப் போறதுன்னு யாருகிட்டப் போய்க் கேப்பேன்? நெப்ராஸ்கான்னு பொய் சொன்னப்பத்தான் எனக்குக் கேக்க வாய் வந்துச்சு. நோட்டு கையில இருக்குல்ல... எடுங்க, நான் எழுதிக்கறேன்.